விற்பவரின் மௌனம்

இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் காருக்கு உலகெங்கும் இன்றும் ரசிகர்கள் உண்டு. அதன் அழகைப் போலவே அதன் குறையும் பெயர் பெற்றது. இந்தக் காருக்குத் தனியான சேசிஸ் கிடையாது; உடற்கூடே முழுச் சுமையையும் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழே இருபுறமும் பெட்டி போல ஓடும் இரும்புப் பகுதியை அதன் முதுகெலும்பு எனலாம். ஈரம் தங்கித் துருப்பிடிப்பதில் முந்திக்கொள்வதும் அதே இடம்தான். அரித்துப்போன இடத்தில் பட்டி வைத்துத் தேய்த்து, மேலே வண்ணம் அடித்துவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

இத்தகைய கார் ஒன்றை இணையத்தில் ஏலத்திற்கு விடும் முதியவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். முப்பது ஆண்டுகள் பிள்ளையைப் போலப் பேணிய கார். பார்வை மங்கிவிட்டது, விற்றாக வேண்டும். எஞ்சின் எண்ணும் உடற்கூட்டின் எண்ணும் பழைய ஆவணத்தோடு பொருந்துகின்றன என்று எழுதுகிறார், அது உண்மை. இருக்கைத் தோல் புதிது என்கிறார், அதுவும் உண்மை. பல கோணங்களில் எடுத்த புகைப்படங்களையும் சேர்க்கிறார். ஆனால், பல ஆண்டுகளுக்கு முன் பட்டறைக்காரர் ஒருவர் இடப்புறக் கீழ்ப்பெட்டியை வெட்டி மாற்றாமல் பட்டியால் மூடியதை அவர் அறிவார். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் பொய் சொன்னவராவாரா?

சட்டத்தைக் கேட்டால் பெரும்பாலும் 'இல்லை' என்றே விடை வரும். ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபில் உருவாகி நம் நாட்டில் இன்றும் வழங்கும் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வெறும் மௌனம் வஞ்சனை ஆகாது என்கிறது. அதை விளக்க அது தரும் எடுத்துக்காட்டும் ஓர் ஏலமே. நலமற்றது என்று தான் அறிந்த குதிரையை ஒருவன் ஏலத்தில் விற்கிறான், குறையைச் சொல்லவில்லை, அது வஞ்சனையன்று. அடுத்த எடுத்துக்காட்டு இன்னும் கூர்மையானது. வாங்குபவள் அவனுடைய சொந்த மகள், அப்போதுதான் உரிய வயதை எட்டியவள் என்றால், குறையைச் சொல்வது அவன் கடமையாகிவிடுகிறது. குதிரை அதேதான், குறையும் அதேதான். உறவு மட்டுமே வேறு.

ரோமானியச் சிந்தனையாளர் சிசெரோ, கி.மு. 44-இல் தம் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் இதே கேள்வியை எழுப்பினார். நோய் பரப்பும் வீட்டை விற்பவன் அதைச் சொல்ல வேண்டுமா? வேண்டும் என்றார் ஆன்டிபேட்டர். வேண்டியதில்லை என்றார் அவருடைய ஆசிரியர் டயோஜெனிஸ். நோய் பிடித்த வீடு விற்பனைக்கு என்று ஏலக்காரன் தெருவில் கூவினால் அதைவிட நகைப்பு உண்டா என்பது ஆசிரியரின் வாதம். சிசெரோ மாணவரின் பக்கமே நின்றார். சும்மா இருப்பது எல்லாம் மறைப்பதாகாது. ஆனால் தன் லாபத்திற்காக, பிறர் அறிய வேண்டியதை அறியாமல் வைத்திருக்க விரும்புவது மறைப்பதே என்று அவர் கோடு கிழித்தார்.

டயோஜெனிஸ் நகைத்த காட்சி இன்று நாள்தோறும் நடக்கிறது என்பது வேடிக்கை. தேர்ந்த விற்பனையாளர்கள் காரின் அடிப்பாகத்தையும் துருவையும் விரிசலையும் தாமே படமெடுத்துக் காட்டுகிறார்கள். நம்பிக்கை பிறக்கிறது, விலையும் ஏறுகிறது. அதில் தவறில்லை. என்றாலும், விலை ஏறுவதற்காகச் சொல்லப்படும் உண்மை, விலை இறங்கும் இடத்தில் வாய் மூடிக்கொள்ளும். ஆகவே வாய்மைக்குச் சோதனை, சொல்லாவிட்டால் ஒருபோதும் வெளிப்படாத குறையில்தான் இருக்கிறது.

பழைய சந்தையில் வாங்குபவன் குதிரையின் பல்லைப் பிடித்துப் பார்த்தான். காலைத் தடவிப் பார்த்தான். சட்டம் விற்பவனின் மௌனத்தை மன்னித்ததற்கு அதுவும் ஒரு நியாயம். இணைய ஏலத்தில் வாங்குபவர் பல நூறு கல் தொலைவில் இருக்கலாம். விற்பவரின் கண் எதைக் காட்டியதோ அதையே அவர் கண்டார். இதற்கு மேல் ஒன்று: பிரிட்டனில் நாற்பது ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே மாதம் முதல் ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. எனவே முதியவர் மௌனமாக இருந்துவிட்டால், பக்கவாட்டில் ஒரு மோதல் நேரும் வரை அந்தப் பட்டியை யாரும் தட்டிப் பார்க்காமலே போகலாம்.

இதைவிட நுட்பமான வழுக்கல் ஒன்றும் உண்டு. வலப்புறம் எப்படி இருக்கிறது என்று அவருக்கு உண்மையிலேயே தெரியாது. தரைவிரிப்பைத் தூக்கி ஒரு திருப்புளியால் குத்திப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். 'எனக்குத் தெரியாது' என்று நேர்மையாக எழுதுவதற்காகவே தூக்கிப் பார்க்காமல் விடுவதை அறியாமை என்று எப்படிச் சொல்வது? தெரிந்ததை மறைப்பவன் பிறரை மட்டும் ஏமாற்றுகிறான். தெரிந்துகொள்ள மறுப்பவன் தன்னையும் சேர்த்து ஏமாற்றிக்கொள்கிறான்.

மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் ஜாஜலி என்றொரு தவசி வருகிறார். சடைமுடியில் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும்வரை அசையாது நின்றவர். அவர் தர்மத்தைக் கேட்டறியச் சென்றது காட்டிற்கு அல்ல. காசியில் கடை வைத்திருந்த துலாதாரன் என்ற வணிகனிடம். அவன் பெரிய யாகம் எதையும் செய்து காட்டவில்லை. தன் தராசு எல்லா உயிர்க்கும் சமமாகவே நிற்கிறது என்றான். மகளுக்கு ஒரு தட்டு, அந்நியனுக்கு ஒரு தட்டு என்று அவனிடம் இல்லை. சட்டத்தால் அவ்வளவு தூரம் வர இயலாது. எல்லாரையும் உறவினராகக் கருதும்படி நீதிமன்றம் எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. அந்த மீதி தூரம் விற்பவரின் மனத்துக்கே விடப்பட்டிருக்கிறது.

முதியவரின் ஏலம் முடிய இன்னும் இரண்டு நாட்கள் இருக்கின்றன என்று கொள்வோம். அதே காரைத் தம் பேத்தி ஓட்டிச் செல்வதாக இருந்தால் சாவியைக் கொடுக்கும் முன் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது அவருக்குத் தெரியும். கைவிளக்கும் திருப்புளியும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குச் சென்று, வலப்புறத் தரைவிரிப்பைத் தூக்குகிறார். அங்கும் இரும்பு பொடிந்து உதிர்கிறது. இருபுறத்தையும் படமெடுத்துச் சேர்க்கிறார்; பட்டறையில் நடந்ததை நான்கு வரிகளில் எழுதுகிறார்; ஏற்கெனவே விலை கேட்டவர்கள் விரும்பினால் விலகிக்கொள்ளலாம் என்றும் குறிப்பிடுகிறார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு உறங்கப் போகிறார்.