இல்லை என்னும் சொல்

காரவள்ளி அடிவாரத்தினின்று 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கொல்லிமலைக்கு வந்து சேர்ந்த காலையில், பத்தடி தூரத்துப் பலாமரமும் புலப்படாதபடி மூடுபனி இறங்கியிருந்தது. அதனால் மரமே இல்லை என்று சொல்ல எவரும் துணியார். ஆயினும் முந்திய வாரம் ஓர் அலுவலகத்தில், என் பெரியப்பாவின் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்த ஊழியர், 'அப்படி ஒரு பேரே இல்லீங்க' என்று ஒரு கணத்தில் தீர்த்துவிட்டார். அச்சொல் பெரியப்பாவின் முகத்தில் உண்டாக்கிய வாட்டம் மலையேறிய வழியெல்லாம் என்னுடன் வந்தது.

கணினி சொல்லும் 'இல்லை' எத்தகையது? வாடிக்கையாளர் விவரங்களைப் பேணும் சி.ஆர்.எம். அமைப்புகளில் வினவும் முறைகள் பல. அவற்றுள் ஒன்றான சேல்ஸ்ஃபோர்ஸிலே எஸ்.ஓ.க்யூ.எல். என்பது, எந்த அட்டவணையில், எந்த நிபந்தனைக்குட்பட்டுத் தேடவேண்டும் என்று வரையறுத்துக் கேட்பது; எஸ்.ஓ.எஸ்.எல். என்பதோ, இருக்குமிடம் தெரியாதபோது ஒரு சொல்லைக் கொடுத்துப் பல அட்டவணைகளிலும் ஒருங்கே தேடுவது. முன்னது வெறுங்கையோடு திரும்பினால், கேட்டவர் காண உரிமை பெற்ற பதிவுகளுள் அந்நிபந்தனைக்குப் பொருந்துவது இல்லை என்பது மட்டுமே பொருள். ஆறுமுகம் என்பதை ஆங்கிலத்தில் ஒருவர் 'ஜி' இட்டும் மற்றொருவர் 'கே' இட்டும் எழுதும் நம் நாட்டில் அது எத்தனை சிறிய 'இல்லை'! பின்னது முன்கூட்டித் தொகுத்த சொல்லடைவை நம்பித் தேடுவதாகலின், சற்றுமுன் எழுதப்பெற்ற பதிவு அதில் ஏறாதிருக்கவும் கூடும்.

இன்மையை எவ்வாறு அறிகிறோம் என்பது நம் தரிசனங்கள் நெடுங்காலம் வாதித்த வினா. குமாரில பட்டரைப் பின்பற்றிய மீமாம்சகரும் அத்வைதிகளும் அனுபலப்தியை, அதாவது காணாமையை, இன்மையை அறிவிக்கும் தனிப் பிரமாணமாகக் கொண்டனர். சைவ சித்தாந்தியான அருணந்தி சிவாசாரியாரோ சிவஞான சித்தியாரில் அபாவம் என்னும் இன்மை உட்பட அளவைகள் பத்தை எண்ணி, அனைத்தையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்கினார். இப்பிணக்கினும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அனுபலப்திவாதிகள் விதித்த நிபந்தனையே: பொருள் அங்கிருப்பின் கட்டாயம் புலப்பட்டிருக்கும் என்னும் யோக்கியதை இருந்தாலன்றி, காணாமையினின்று இன்மையைக் கொள்ளலாகாது. வெளிச்சமுள்ள தரையில் குடம் காணாவிடின் குடமில்லை. இருட்டறையில் அவ்வாறு சொல்ல அதிகாரமில்லை.

கொல்லிமலை அறப்பளீஸ்வரர் ஆலயத்தில், லிங்கத்தின் உச்சியிலுள்ள தழும்பைச் சுட்டி, உழவன் ஒருவனின் ஏர்முனை பட்டு மண்ணினின்று மூர்த்தி வெளிப்பட்ட தலக்கதையைச் சொல்வார்கள். நாள்தோறும் அந்நிலத்தை மிதித்தவனை முதல்நாள் கேட்டிருந்தால், அங்கே ஒன்றுமில்லை என்றே நேர்மையாகச் சொல்லியிருப்பான். அவன் கண் மண்ணின் மேற்பரப்பிலேயே நின்றது. நெடுநேரம் அச்சந்நிதியை விட்டு அகல என்னால் இயலவில்லை.

மலையினின்று இறங்கியதும் பெரியப்பாவை மீண்டும் அவ்வலுவலகத்துக்கு அழைத்துச் சென்று, பெயரை விடுத்துத் தொலைபேசி எண்ணைக் கொண்டு தேடும்படி வேண்டினேன். வேறோர் எழுத்தோடு அவர் பெயர் திரையில் இருந்தது.