இடக்கரடக்கல்

நன்னூல் சொல்லும் தகுதி வழக்கு மூன்று: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. முதலாவதை நடத்தும்போது எல்லா ஆசிரியர்களும் தரும் உதாரணத்தையே நானும் தருகிறேன்: கால் கழுவி வந்தேன். மாணவிகள் சிரிப்பார்கள். கழுவியது காலை அல்ல என்று அவர்களுக்குத் தெரிவதால்தான் சிரிப்பு வருகிறது. மறைத்துச் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் மறைந்திருப்பது இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் "அவ தூரம்" என்றால் எவ்வளவு தூரம் என்று யாரும் கேட்பதில்லை.

"அங்கே அரிக்குது டாக்டர்" என்பது இந்த வழக்கில் சேருமா?

நான்கு ஆண்டுகளில் திருச்சியில் மூன்று மருத்துவர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். மூவரும் பெண்கள், மரியாதையானவர்கள். வெள்ளைப்படுகிறதா, சர்க்கரை பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பூஞ்சைத் தொற்று என்று மாத்திரையும் களிம்பும் எழுதினார்கள். ஒருவரும் பார்க்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுப்பி உட்காரவைக்கும் அரிப்பு, வெடித்த தோலில் சிறுநீர் படும்போது எரிகிற எரிச்சல், கணவரிடம் காரணம் சொல்லாமல் திரும்பிப் படுத்த மாதங்கள், எல்லாம் "அங்கே" என்ற ஒரு சுட்டுச்சொல்லுக்குள் போய்விட்டன. நான்காவதாகப் போன தோல் மருத்துவர் திரைக்குப் பின்னால் படுக்கச் சொல்லி விளக்கைத் திருப்பினார். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். கசங்கிய மெல்லிய தாளைப்போல வெளுத்துச் சுருங்கிய தோல். சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பி உறுதிசெய்தார்: லைக்கன் ஸ்க்லிரோசஸ்.

1887இலேயே பிரான்சில் விவரிக்கப்பட்ட நோய் இது. தொற்றாது, உடலுறவால் வருவதில்லை, சுத்தக்குறைவாலும் இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் தோலையே தாக்குவதாகக் கருதுகிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம், சிறுமிகளுக்கும் வரும். முற்றாகத் தீராது, ஆனால் அடக்கி வைக்கலாம். விட்டுவிட்டால் உள்ளிதழ்கள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும், வாய் குறுகும், நூற்றில் ஐந்துக்கும் குறைவானவர்களுக்குப் புற்றாகவும் மாறலாம். மருந்து, 0.05 சதவீத க்ளோபெட்டசால் களிம்பு. ஒரு மாதம் தினமும், அடுத்த மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் மாதம் வாரம் இருமுறை. விரல்நுனி அளவில் எடுத்தால் 30 கிராம் குழாய் மூன்று மாதம் வரும். சோப்பு கூடாது.

மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது ஸ்டீராய்டும்மா, அந்த மாதிரி இடத்துல போடக்கூடாது" என்றார். டப்பாவுக்குள் இருந்த தாளும் அதையே சொன்னது. முகம் வெளுக்க ஸ்டீராய்டு கலந்த களிம்பை யார் கேட்டாலும் எடுத்துக் கொடுத்த கடைத்தெரு நம்முடையது. 2018இல் அரசு அவற்றைச் சீட்டுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. எங்கே பயப்பட வேண்டும் என்பதில்கூட நமக்கு ஒரு ஒழுக்கம் இருக்கிறது.

யோனி என்பது உள்ளே இருக்கும் பாதை. வெளியே இருக்கும் இதழ்களுக்கும் தோலுக்கும் பேச்சுத் தமிழில் இருக்கிற சொல் வசவு. சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காதில் விழும். மருத்துவரிடம் அதைச் சொல்ல முடியாது. சங்கக் கவிதை தயங்காமல் சொன்ன அல்குலை வகுப்பில் "இடை" என்று கடந்துபோகிறோம். 2002இல் வந்த குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பைச் சுற்றி எழுந்த கூச்சல் பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சண்டை கவிதைக்குள் நடந்தது, அதில் ஓரளவு ஜெயித்தும் விட்டோம். புறநோயாளிச் சீட்டில் அந்தச் சொற்களுக்கு இன்னும் இடமில்லை.

தன் அனுபவத்தைப் புரிந்துகொள்ளச் சமூகத்தில் சொல்லே இல்லாமல் போவதும் ஒருவகை அநீதி என்று 2007இல் மிராண்டா ஃபிரிக்கர் எழுதினார். எனக்கு அது பாதிதான் பொருந்துகிறது. என் நோய்க்குப் பாடப்புத்தகத்தில் பெயர் இருந்தது. மூன்று மருத்துவர்களும் அதைப் படித்தவர்கள்தான். நான் கூச்சப்படுவேன் என்று அவர்கள் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருந்தால் சொல்வார்கள் என்று நான் படுக்கவில்லை. இருவருக்குமே தெரியாத ஒன்றை மறைப்பது இடக்கரடக்கல் ஆகாது. தொல்காப்பியம் அவையில் சொல்லத் தகாததை மறைக்கச் சொன்னது. மருத்துவரின் அறை அவை அல்ல. இதில் வர்க்கமும் இருக்கிறது. தனித் திரை, உடன் நிற்க ஒரு செவிலி, பத்து நிமிடம்: எனக்குக் காசு கொடுத்தால் கிடைக்கிறது. வரிசை வராந்தா வரை நிற்கும் புறநோயாளிப் பிரிவில் கூலிவேலையை விட்டு வந்து நிற்பவளுக்கு? பெண்களின் கூச்சம் என்று சொல்வதில் பாதி இடவசதி.

ஸ்ரீரங்கத்தில் சித்தியிடம் இதைச் சொன்னேன், பெயரோடு, எந்த இடம் என்பதோடு. அவளுக்கு அறுபத்தெட்டு வயது. கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்கம்மா ராத்திரியெல்லாம் வெந்நீர் வெச்சுக் கழுவிட்டு இருப்பாங்க. எனக்கும் பத்து வருஷமா இருக்கு. வயசானா இப்படித்தான்னு நெனச்சேன்" என்றாள்.

அடுத்த புதன்கிழமை காவிரிப் பாலம் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனேன். பெயரைக் கூப்பிட்டதும் என் கையைப் பிடித்தாள்.

"டாக்டர் பாப்பாங்களா?"

"பாப்பாங்க சித்தி."

"முன்னாடியே சொல்லியிருந்தா நல்ல பாவாடையா கட்டிட்டு வந்திருப்பேனே."