மூன்று மௌனங்கள்

கொரிந்து நகரத்துச் சபைக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் 14ஆம் அதிகாரத்தில் மூன்று தரப்பினர் மௌனமாக இருக்கும்படி சொல்லப்படுகிறார்கள். அந்நிய பாஷையில் பேசுகிறவர், விளக்கிச் சொல்ல ஆளில்லை என்றால் பேசக்கூடாது (28ஆம் வசனம்). ஒருவர் தீர்க்கதரிசனம் சொல்லும்போது இன்னொருவருக்கு வெளிப்பாடு கிடைத்தால் முதலாமவர் நிறுத்திக்கொள்ள வேண்டும் (30). பெண்கள் சபையில் பேசக்கூடாது. தெரிந்துகொள்ள ஏதாவது இருந்தால் வீட்டில் கணவரிடம் கேட்கட்டும் (34, 35). மூன்று இடத்திலும் கிரேக்க மூலத்தில் இருப்பது ஒரே வினைச்சொல்தான். முதல் இரண்டு மௌனங்களும் அந்தந்த நேரத்து ஒழுங்காக முடிந்துபோயின. மூன்றாவது மட்டும் தலைமுறைகளுக்கான சட்டமாயிற்று.

எங்கள் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஞாயிறு காலையில் கிளம்பும் பெண்கள் ஒரே வேதப்புத்தகத்தோடு வெவ்வேறு வாசல்களுக்குப் போகிறார்கள். அரிசிப்பாளையம் குழந்தை இயேசு பேராலயத்துக்குப் போகிறவர் திருப்பலியில் வாசகம் வாசிக்கலாம், குருவாக முடியாது. சி.எஸ்.ஐ. ஆலயத்துக்குப் போகிறவர் ஆயராகலாம், பேராயரும் ஆகலாம். 2013 செப்டம்பரில் ஆந்திரத்தின் நந்தியால் திருமண்டலத்துக்கு இ. புஷ்பலலிதா பேராயரானார். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர் முக்காடிட்டுச் சத்தமாக ஜெபிக்கலாம், தீர்க்கதரிசனமும் சொல்லலாம். தலைமைப் போதகராவது அரிது. பிரதரன் சபையிலோ கூட்டத்தில் வாய்விட்டு ஜெபிப்பதும் ஆண்களுக்கே உரியது.

ஒரே வசனம் எப்படி இத்தனை வழியாகப் பிரிகிறது? அதே கடிதத்தின் 11ஆம் அதிகாரம், பெண் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் இயல்பாக எடுத்துக்கொண்டு, அப்போது தலையை மூடிக்கொள்ளச் சொல்கிறது. ஆகவே 14ஆம் அதிகாரத்து மௌனம் முழு மௌனமாக இருக்க முடியாது. எங்கே கோடு போடுவது என்பதில்தான் மரபுகள் வேறுபடுகின்றன. 1976இல் வத்திக்கான் வெளியிட்ட ஓர் அறிக்கை, முக்காடு அந்தக் காலத்து வழக்கம், இன்று கட்டாயமில்லை என்றது. பேசக்கூடாது என்ற தடை வேறு வகையானது, சபையில் அதிகாரபூர்வமாகப் போதிப்பதைப் பற்றியது என்றது. பெந்தெகொஸ்தே சபைகள் பல இதற்கு நேர்மாறு: முக்காடு என்றைக்கும் உரியது, மௌனம் கூட்டத்தில் சலசலத்தவர்களுக்குச் சொன்னது. பெந்தெகொஸ்தே மரபிலிருந்தே வந்த அறிஞர் கார்டன் ஃபீ, சில பழைய பிரதிகளில் இவ்விரு வசனங்களும் 40ஆம் வசனத்துக்குப் பின்னால் வருவதையும் சான்றாகக் காட்டி, இவை இடைச்செருகல் என்று 1987இல் வெளியான தம் உரையில் வாதிட்டார். அதை எல்லோரும் ஏற்கவில்லை.

தமிழ் வகுப்பில் இது புதிதல்ல. மணக்குடவரும் பரிமேலழகரும் ஒரே குறளுக்கு வேறு வேறு பொருள் சொல்லும் இடங்களை ஒப்பிட்டுப் படிக்கிறோம். அங்கே உரை மாறினால் தேர்வுத்தாளில் ஒரு விடை மாறும். இங்கே உரை மாறினால் ஒரு பெண் வாய் திறக்கலாமா என்பதே மாறுகிறது. என் மாணவி ஒருத்தி, பிரதரன் குடும்பத்துப் பெண், பேச்சுப்போட்டிகளில் பரிசு வாங்குகிறவள். “சபையில் ஒரு பாட்டைத் தொடங்கி வைக்கக்கூட என்னால் முடியாதும்மா” என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

‘வேதம் அப்படிச் சொல்கிறது’ என்பார்கள். எந்த வரி அந்த ஊருக்கு, எந்த வரி எல்லாக் காலத்துக்கும் என்று வேதம் பிரித்துக் கொடுப்பதில்லை, பிரிப்பது மனிதர்கள். அப்படியானால் இஷ்டத்துக்கு வளைக்கலாமா என்று கேட்டால், கூடாது. அதனால்தான் காரணம் கேட்கிறோம். முக்காட்டை விடலாம், மௌனத்தை விடக்கூடாது என்கிறவரும், மௌனத்தைத் தளர்த்தலாம், முக்காட்டைத் தளர்த்தக்கூடாது என்கிறவரும், அந்த முடிவு யார்மேல் விழுகிறதோ அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

வீட்டில் கணவரிடம் கேட்கச் சொன்னால், கைம்பெண் யாரிடம் கேட்பாள்? கன்னியாஸ்திரி யாரிடம் கேட்பார்? 1882இல் கணவரை இழந்த பண்டித ரமாபாய் பின்னாளில் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, முழு வேதாகமத்தையும் மராத்தியில் மொழிபெயர்த்தார். 1922இல் மறைவதற்கு முன் அதை முடித்தார். அவர் மூலத்தையே போய்க் கேட்டார்.

மற்ற இரண்டு மௌனங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. அந்நிய பாஷை பேசியவர் விளக்குகிறவர் வந்ததும் பேசலாம். நிறுத்தியவருக்கு அடுத்த முறை வாய்ப்பு வரும். மூன்றாவது மௌனமோ, அந்த மௌனம் சரியா என்று கேட்கக்கூடியவளின் வாயையே மூடுகிறது. அவளைக் கேட்காமல் அவளைப் பற்றி எழுதிய உரை, எத்தனை நூற்றாண்டு பழையதானாலும், ஒரு தரப்பை மட்டும் விசாரித்துச் சொன்ன தீர்ப்புதான். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.