அடிக்கச் சொன்னவர்கள்

பொங்கல் நெருங்கினால் அதியமான்கோட்டைப் பக்கம் சுவரெல்லாம் ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ நோட்டீஸ்தான். முதல் பரிசு, சுழற்கோப்பை, நுழைவுக் கட்டணம் என்று ஊருக்கு ஊர் அச்சடித்து ஒட்டிவிடுவார்கள். ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன பையன்கள் லீவு சொல்லிவிட்டு வந்து சேர்வார்கள். எந்த அணிக்கு யார் இறங்குவது என்று டீக்கடைகளில் பேச்சு சூடுபிடிக்கும். இந்த முறை எங்கள் வட்டாரத்து அணி ஒன்றில் அந்தப் பேச்சு ஒரே ஆளைச் சுற்றி நின்றுவிட்டது. ஓராண்டுத் தடை முடிந்திருக்கும் மூத்த ஆட்டக்காரர் ஒருவரை மறுபடியும் சேர்த்துக்கொள்வதா, வேண்டாமா?

முப்பத்தைந்தைத் தாண்டியவர். இடது கார்னர். பாயிண்ட் எடுத்துக் கொடுப்பார் என்று அவரை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. எதிரணியில் ஒரு ரைடர் துள்ளினால் அவனை அடக்கி உட்கார வைப்பதுதான் அவர் வேலை. அவர் களத்தில் நின்றாலே இளம் ரைடர்கள் அந்தப் பக்கம் கால் நீட்டத் தயங்குவார்கள். போன பொங்கலை ஒட்டி நடந்த ஓர் இரவுப் போட்டியில், விசில் ஊதிய பிறகும் பிடியை விடாமல், ஒரு ரைடரைத் தூக்கித் தரையில் அடித்தார். அந்தப் பையனுக்குக் காறை எலும்பு முறிந்தது. சுற்றுவட்டாரத்தில் போட்டி நடத்துகிறவர்கள் கூடிப் பேசி, ஒரு வருடத்துக்கு அவரை யாரும் இறக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள்.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அணியின் கேப்டன் வீட்டுக்கு வந்தான். “நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார். அண்ணன் இல்லாம லெஃப்ட் கார்னர் ஓட்டையாக் கிடக்குது. அந்தப் பக்கமே பூந்து பூந்து பாயிண்ட் வாங்கிட்டுப் போறானுங்க.” அணிக்குள் இரண்டு கட்சி. தண்டனை முடிந்தது, இனி என்ன கணக்கு என்கிறது ஒன்று. அவரைச் சேர்த்தால் அணியின் பெயர் கெடும், இனி நம்மைப் போட்டிக்கே கூப்பிட மாட்டார்கள் என்கிறது மற்றது. இரண்டு கட்சியும் சண்டை போட்டாலும் ஒரு விஷயத்தில் ஒன்றுதான். நடந்தது முழுக்க அந்த ஒரு மனிதரின் கோபம், அவருடைய கணக்கு என்றே இருவரும் பேசுகிறார்கள். எனக்கு அந்த இடம்தான் உறுத்துகிறது.

ஏனென்றால் அந்த ஆட்டத்தை நான் பார்த்தேன். தண்ணீர் தெளித்துப் பதமாக்கிய செம்மண் களம், நாலு மூலையிலும் ஃபோகஸ் லைட். முதல் பாதியில் எதிரணிப் பையன் ஒரே ரைடில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு ஓடினான். இடைவேளையில் இந்த அணி வட்டமாக நின்றது. “அண்ணே, அவன் எந்திரிக்கக் கூடாது” என்று ஒரு குரல் வந்தது. யாரும் அதைத் தடுக்கவில்லை. இரண்டாம் பாதியில் அந்தப் பையன் பாடிக்கொண்டு வந்தபோது கோட்டுக்கு வெளியே நின்ற கூட்டம் “தூக்கிப் போடு” என்று கத்தியது. அவர் தூக்கிப் போட்டார். சில வினாடிகள் விசிலும் கைதட்டலும். பையன் எழவில்லை என்று தெரிந்த பிறகே சத்தம் அடங்கியது. விசாரணையில் அவரை மட்டும் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். இடைவேளை வட்டத்தை யாரும் விசாரிக்கவில்லை.

இதே கதை பெரிய அளவில், பெரிய பணத்தோடு, கனடாவில் நடந்திருக்கிறது. அங்கே தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீகில் சண்டை ஆட்டத்தின் ஒரு பகுதி. இரண்டு பேர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குத்திக்கொள்வார்கள். நடுவர்கள் ஒருவர் விழும்வரை பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். பிறகு இருவரும் ஐந்து நிமிடம் வெளியே உட்கார வேண்டும், அவ்வளவுதான். 2004 பிப்ரவரியில் கொலராடோ அணியின் இளம் ஆட்டக்காரர் ஸ்டீவ் மூர், வான்கூவர் அணியின் கேப்டன் மார்கஸ் நாஸ்லண்டை மோதிச் சாய்த்தார். நடுவர்கள் தண்டனை எதுவும் தரவில்லை. மூருக்குப் பாடம் புகட்ட வேண்டும் என்ற பேச்சு வான்கூவர் அணிக்குள் வெளிப்படையாகவே ஓடியது. மார்ச் 8 அன்று இரண்டு அணிகளும் மறுபடி மோதின. அன்று மூர் முதல் பகுதியிலேயே ஒருவரோடு சண்டை போட்டுக் கணக்கைத் தீர்த்திருந்தார். அது போதவில்லை. மூன்றாம் பகுதியில், வான்கூவர் பெரிய வித்தியாசத்தில் தோற்றுக்கொண்டிருந்தபோது, அந்த அணியின் டாட் பெர்டுஸி மூரின் பின்னாலேயே வந்து சட்டையைப் பிடித்து இழுத்து, பக்கவாட்டில் குத்தி, பனித்தரையில் முகம் மோத அவர் மேலேயே விழுந்தார். மூருக்குக் கழுத்து எலும்பு மூன்று இடத்தில் உடைந்தது. வயது 25. அதற்குப் பிறகு அவர் அந்த லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

பெர்டுஸி அடிதடி ஆள் மட்டும் அல்ல, நன்றாக கோல் போடுகிறவர். கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறை இல்லை, ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 80 மணி நேரச் சமூக சேவையும் விதித்தார்கள். லீக் விதித்த தடை 2005 ஆகஸ்டில் நீங்கியது. அதே வான்கூவர் அணி அவரைத் திரும்ப இறக்கியது. 2006இல் இத்தாலியின் டூரினில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் கனடா நாட்டுக்கே ஆடினார். மூர் தொடுத்த இழப்பீட்டு வழக்கு மட்டும் இழுத்துக்கொண்டே போனது. அதன் நடுவில் பெர்டுஸி தன் பயிற்சியாளர் மார்க் கிராஃபோர்டையும் வழக்கில் இழுத்தார். மூர் இதற்கு விலை கொடுத்தாக வேண்டும் என்று உடைமாற்றும் அறையில் சொன்னது அவர்தானே என்பது பெர்டுஸி தரப்பு வாதம். 2014இல் சமரசத்தில் எல்லாம் முடிந்தது. பத்து வருடம்.

பெர்டுஸி தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கப் பார்த்தார் என்று சொல்வது எளிது. ஆனால் அந்த வாதத்தில் நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். அவர் கை செய்தது, சரி. அந்தக் கைக்கு மூன்று வாரம் சூடேற்றிய அறை ஒன்று இருந்தது.

சண்டைக்கென்றே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆட்களின் கதை இன்னும் கொடியது. டெரெக் பூகார்டு என்பவர் மின்னசோட்டா, நியூயார்க் அணிகளுக்காக 277 ஆட்டங்கள் ஆடி மொத்தம் 3 கோல் போட்டார். அவரை கோலுக்காக யாரும் எடுக்கவில்லை. சக ஆட்டக்காரர்களை யாரும் தொடாமல் காக்க அவருடைய முஷ்டி தேவைப்பட்டது. வலி மாத்திரைகளுக்கு அடிமையாகி, மதுவோடு அவை சேர்ந்ததில் 2011 மே மாதம், 28 வயதில் இறந்தார். மூளையைச் சோதித்தவர்கள், திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதால் வரும் சிதைவு அந்த வயதிலேயே முற்றியிருந்ததைக் கண்டார்கள். அவர் சண்டை போடும்போதெல்லாம் ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்று ஆரவாரம் செய்திருக்கிறார்கள்.

இந்த வகையோடு சேர்க்கக் கூடாத ஒன்றும் உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஹாக்கிக் கால் இறுதியில், பிரிட்டனுக்கு எதிரான ஆட்டத்தின் இரண்டாம் கால் பகுதி தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே இந்திய ஆட்டக்காரர் அமித் ரோஹிதாஸின் மட்டை எதிர் ஆட்டக்காரர் முகத்தில் பட்டது. சிவப்பு அட்டை. வேண்டுமென்று செய்தாரா, சுழற்சியில் பட்டதா என்பது இன்றும் சர்ச்சை. மிச்ச ஆட்டம் முழுக்கப் பத்துப் பேரோடு நின்று, ஷூட்அவுட்டில் இந்தியா வென்றது. ஆனால் அரையிறுதியில் அவருக்குத் தடை. பெனால்டி கார்னரில் பந்தை நோக்கி முதல் ஆளாகப் பாய்ந்து உடம்பால் தடுப்பவர் அவர். அவர் இல்லாத அந்த ஆட்டத்தில் ஜெர்மனி போட்ட முதல் கோல் பெனால்டி கார்னரில்தான் வந்தது. 2–3 என்று தோற்றோம். தடை ஓர் ஆட்டத்தோடு முடிய, ஸ்பெயினுக்கு எதிராக வெண்கலப் பதக்க ஆட்டத்தில் திரும்பி வந்தார். அவரைச் சேர்ப்பதா என்று யாரும் விவாதிக்கவில்லை. விவாதிக்கத் தேவையும் இல்லை. யாரும் அவரை அடிக்க அனுப்பவில்லை. அவர் செய்ததற்கு அணியும் சேர்ந்தே விலை கொடுத்தது.

திறமைசாலிக்கு இன்னொரு வசதியும் உண்டு. 2011இல் பயிற்சி முகாமை விட்டு வெளியேறினார்கள் என்று சந்தீப் சிங்குக்கும் சர்தார் சிங்குக்கும் ஹாக்கி இந்தியா இரண்டு ஆண்டு தடை போட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் டெல்லியில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் இருவரும் ஆடினார்கள். இறுதி ஆட்டத்தில் பிரான்சுக்கு எதிராக சந்தீப் ஐந்து கோல் போட்டார். தேவை வந்தால் தடை சுருங்கும். இதில் ஒழுக்கத்தைப் பற்றிய முடிவு ஒன்றும் இல்லை, கோல் கணக்கு மட்டுமே இருக்கிறது. எங்கள் கேப்டனின் ‘லெஃப்ட் கார்னர் ஓட்டை’யும் இந்த வகைதான்.

எங்கள் ஊரில் இதைப் பேசும்போது காலபைரவர் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். தட்சிணகாசி என்று பெயர் பெற்ற கோயில் இங்கே இருக்கிறது. தேய்பிறை அஷ்டமி அன்று சாம்பல் பூசணிக்காயில் விளக்கேற்ற எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். காவலுக்கு நிற்கும் கடவுள். அவருடைய புராணம் எல்லோருக்கும் தெரியும். சிவன் பிரமனின் ஐந்தாவது தலையைக் கிள்ளிய இடமாக இங்கே திருக்கண்டியூரைக் காட்டுவார்கள். வடக்கே வழங்கும் கதையில், சிவனின் கோபத்தில் பிறந்த பைரவர் அதைச் செய்கிறார். கொய்த தலை அவர் கையோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கபாலத்தோடு ஊர் ஊராகப் பிச்சை எடுத்து அலைகிறார். காசிக்குப் போன பிறகே அது கையை விட்டு விழுகிறது. பிறகு அந்தக் காசிக்கே அவர் காவலர்.

கோபம் சிவனுடையது. கபாலம் ஒட்டியது பைரவர் கையில். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான் என்றாலும், இந்த விவகாரம் வந்த பிறகுதான் அந்த அநியாயம் எனக்கு உறைத்தது. ஆனால் புராணம் அவரைக் கைவிட்டுவிடவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். அலைந்து முடித்து வந்தவருக்கு இடம் கொடுத்தது. அந்த இடம் தலை கொய்யும் இடமாக இல்லை. ஊரைக் காக்கும் இடம்.

காயம்பட்ட பையனைப் பற்றி அணிக் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று கேப்டனே சொன்னான். அவனை நான் போய்ப் பார்த்தேன். எலும்பு கூடிவிட்டது, தோள் முழுக்க மேலே வரவில்லை. சட்டை போடும்போது அடிபட்ட கையை முதலில் நுழைத்து, மற்ற கையால் சட்டையை முதுகுக்குப் பின்னால் சுற்றி இழுத்துக்கொள்கிறான். ஓசூரில் ஒப்பந்த வேலையில் இருந்தான். சுமை தூக்க முடியாததால் அது போய்விட்டது. இப்போது வீட்டு மாடுகளைப் பார்த்துக்கொண்டு, சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறான். கேனை அவன் அம்மா தூக்குகிறார். கபடியைப் பற்றிப் பேச்செடுத்தேன். “விளையாட்டுல படறதுதானே சார்” என்றான். அது அவன் பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மையில் யாரும் ஒளிந்துகொள்ளக் கூடாது. விசிலுக்குப் பிறகு விழுந்த அடி விளையாட்டில் பட்டது ஆகாது.

கேப்டனிடம் நான் சொன்னது இது. அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரை விலக்கிவிட்டு அணி தூய்மையாகிவிட்டதாக நினைப்பது, கபாலத்தை ஒருவர் கையில் ஒட்டிவிட்டு மற்றவர்கள் கை கழுவிக்கொள்வதுதான். ஆனால் பழைய வேலைக்குச் சேர்க்காதீர்கள். யாரையும் உட்கார வைப்பது இனி அவர் பொறுப்பு இல்லை என்று, இடைவேளை வட்டத்தில் நின்ற எல்லோரும் இருக்கும்போது, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அவரிடம் வேறு சரக்கு இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன்பு கணுக்கால் பிடியில் அவரை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. போனஸுக்காக ரைடர் ஒரு காலைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஊன்றுவான். மறு கால் தரையை விட்டு எழுந்தால்தான் போனஸ். அந்த நொடியில் அவன் ஒற்றைக் காலில் நிற்கிறான். கண்ணைப் பார்த்தால் ஏமாறுவோம், காலைப் பார்த்தாலும் ஏமாறுவோம். இடுப்பைப் பார்க்க வேண்டும். இடுப்பு சாயும் பக்கம்தான் ஆள் போவான். அந்த நேரம் பார்த்துக் குனிந்து, இரண்டு கையாலும் ஊன்றிய கணுக்காலைப் பூட்டிவிட்டால் போதும், மிச்சத்தைக் கவர் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். யாரையும் தூக்க வேண்டாம், அடிக்க வேண்டாம். இதை அவர் அந்தக் காலத்தில் அவ்வளவு அழகாகச் செய்வார். வயது ஏற ஏற வேகம் குறைந்தது. குனிகிற இடத்தில் மோத ஆரம்பித்தார். மோதலுக்குக் கைதட்டல் அதிகமாகக் கிடைத்தது. ஒரு நல்ல பிடிகாரரை முரடராக ஆக்கியதில் அந்தக் கைதட்டலுக்குப் பெரிய பங்கு உண்டு. அணியில் பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஆறேழு பேர் இருக்கிறார்கள். அந்தப் பிடியை அவர்களுக்கு இவர் சொல்லிக்கொடுக்கட்டும், ஆடட்டும்.

அதற்கு முன்பு ஒன்று. அந்தப் பையன் வீட்டுக்கு அவர் மட்டும் போகக் கூடாது, அணி முழுக்கப் போக வேண்டும். வெறுங்கையோடு போகக் கூடாது. இந்தப் பொங்கல் சீசனில் வரும் பரிசுப் பணம் அவன் தோள் சிகிச்சைக்கு. பரிசு வராவிட்டால் கைக்காசு.

கேப்டன் கொஞ்ச நேரம் யோசித்தான். “அவன் அண்ணனை மன்னிக்க முடியாதுன்னு சொல்லிட்டா என்ன சார் பண்றது? அப்பவும் இறக்கலாமா?”

இறக்கலாம் என்றேன். ஓராண்டு அவர் வெளியே இருந்தார், தடை முடிந்துவிட்டது. அவரை ஆடவிடுவதா இல்லையா என்ற பாரத்தை அடிபட்டவன் தலையில் ஏற்றுவது அவனுக்குச் செய்யும் இரண்டாவது தொந்தரவு. அவன் கதவைச் சாத்தினால் சாத்தட்டும், அது அவன் உரிமை. அப்போதும் பணத்தை அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். மன்னிப்புக்கும் அந்தப் பணத்துக்கும் சம்பந்தம் கிடையாது. அது அணியின் கடன்.