சுட்ட மண்ணுக்கும் உண்டு

எழுப்புதல் கூட்டங்களுக்குப் போகிறவர்களில் எரேமியா 18ஆம் அதிகாரத்தைக் கேட்காதவர்கள் குறைவு. கெட்டுப்போன மண்ணைக் குயவன் வேறொரு பாண்டமாக வனைகிறான். விழுந்தவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனால் பிரசங்கம் அடுத்த அதிகாரத்துக்குப் போவது அபூர்வம். அங்கே அதே தீர்க்கதரிசி ஒரு மண்கலயத்தை இன்னோம் பள்ளத்தாக்கில் போட்டு உடைக்கிறார். அதை இனிச் செப்பனிட முடியாது.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் இந்த இரண்டு அதிகாரங்களையும் அருகருகே பார்க்கலாம். மண்கூழை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, உள்சுவரில் மண் படிகிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டுப் பொம்மையை எடுக்கிறார்கள். காயும்போது விரிசல் விட்டால் யாரும் பதறுவதில்லை. தண்ணீரில் போட்டால் கரைந்து மறுபடி கூழாகிவிடும். சூளைக்குப் போய்வந்தபின் அது நடக்காது. சுமார் 600 டிகிரி செல்சியஸுக்குள் மண்ணின் அணுக்கட்டோடு பிணைந்த நீரே வெளியேறிவிடுகிறது. பிறகு வருடக்கணக்கில் ஊறவைத்தாலும் களிமண் ஆகாது.

பாதி வாழ்க்கை போனபின் உடைந்து ஆலயத்துக்குத் திரும்புகிறவர்களில் பலர் சுட்ட மண். அவர்களிடம் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று வாக்குக் கொடுப்பது எனக்குக் கொடுமையாகப் படுகிறது. பிரிந்த மனைவி வராமல் போகலாம். இறந்த தாயிடம் மன்னிப்புக் கேட்க முடியாது.

ஆனால் சுட்டு உடைந்ததைத் தொழில் தள்ளிவிடுவதில்லை. அதை அரைத்து, தீச்செங்கல்லுக்கான மண்ணில் கலப்பார்கள். கிராக் (grog) என்று பெயர். ஏற்கெனவே நெருப்பைப் பார்த்த பொடி என்பதால் அது அதிகம் சுருங்காது. அது கலந்திருப்பதால் பச்சை மண்ணும் விரிசல் விடாமல் தாங்குகிறது.

பேதுருவும் அப்படிச் சுட்ட மண்தான். அவர் இயேசுவை மூன்று முறை மறுதலித்தது கரிநெருப்பின் அருகே. உயிர்த்தெழுந்த இயேசு திபேரியா கடற்கரையில் அவரிடம் மூன்று முறை அன்பைக் கேட்டதும் கரிநெருப்பின் அருகேதான். நடந்ததை மறக்கும்படி இயேசு சொல்லவில்லை, ஆடுகளை ஒப்படைத்தார். மறுதலிக்கும் முன்பே, திரும்பி வந்தபின் சகோதரரைத் திடப்படுத்தும்படி பேதுருவுக்குச் சொல்லியும் வைத்திருந்தார்.

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் குடியில் வீட்டையும் குடும்பத்தையும் இழந்தவர். விசுவாசத்துக்குத் திரும்பினார், குடும்பம் திரும்பவில்லை. குடியை விடமுடியாமல் தவிக்கும் பையன்களின் பெற்றோர் போதகரைப் பார்த்துவிட்டு நேரே அவர் வீட்டுக்குத்தான் போகிறார்கள். அந்தப் பையன்கள் வாய் திறப்பது அவரிடம் மட்டும்.