கொற்கையில் முடிந்திருக்க வேண்டிய நடை

பொதிகையிலிருந்து கடல்வரை நடந்தேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். தாமிரபரணி பிறக்கும் பூங்குளம் அடர்காட்டுக்குள் இருக்கிறது. நினைத்தவர் நினைத்தபடி போய்விட முடியாது. அதனால் பாபநாசம் படித்துறையில் தொடங்கினேன். அங்கிருந்து ஆற்றின் போக்கிலேயே புன்னைக்காயல்வரை நடக்க ஒரு வாரம் போதும்.

சேரன்மகாதேவிவரை திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் மலை கூடவே வருகிறது. திருநெல்வேலி தாண்டியதும் மங்கிப் போகிறது. வழியில் வரும் அணைக்கட்டு ஒவ்வொன்றும் தன் பங்குத் தண்ணீரை வயலுக்குத் திருப்பிவிடுகிறது. எட்டு அணைக்கட்டுகளில் ஏழு பழைய அரசர்கள் காலத்தவை; கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் ஆங்கிலேயர் கட்டியது. எங்கே போகிறேன் என்று கேட்டவர்களிடம் கடலுக்கு என்றேன். “அதுக்குத்தான் பஸ் இருக்குல்லா?” என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான்.

புன்னைக்காயலில் ஏமாற்றமாக இருந்தது. ஆறு இங்கே முடிந்தது, கடல் இங்கே தொடங்கியது என்று காட்ட அங்கே ஒன்றுமில்லை. நாக்கில் வைத்த தண்ணீர் கடலுக்கு வெகு முன்பே உப்புக் கரித்துவிட்டது. அலையாத்திச் செடிகள், படகுகள், சேறு. கால்கள் இன்னும் நடக்கத்தான் பார்த்தன.

முந்தின நாள் ஆற்றைவிட்டு வடக்கே விலகி, கொற்கைக்குப் போயிருந்தேன். பாண்டியரின் முத்துத் துறைமுகம் இன்று வாழைக்கும் வயலுக்கும் நடுவே ஒரு சிற்றூர். கடல் சில கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது. கால்டுவெல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கே தோண்டிப் பார்த்து, நடந்ததைச் சொல்லிவிட்டார்: ஆறு கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்தது, வணிகம் காயலுக்கு இடம் மாறியது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ புகழ்ந்த காயல் அதுதான் என்கிறார்கள். பிறகு அதுவும் தூர்ந்தது. போர்த்துக்கீசியர் காலத்தில் புன்னைக்காயல் எழுந்தது, அதன்பின் தூத்துக்குடி.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்திருந்தால் நான் கொற்கையோடு நின்றிருப்பேன். அதற்குமேல் கடல். கடைசிப் பொழுது நான் நடந்த தரை அன்று இல்லவே இல்லை. அது பொதிகையின் மண். மழை கரைத்து, ஆறு சுமந்து, யார் கண்ணிலும் படாமல் மலையே கடல்வரை வந்து படுத்திருக்கிறது. மலையை விட்டுவிட்டுக் கடலுக்கு வந்ததாக நான் எண்ணிக்கொண்டிருந்தேன். உண்மையில் மலையின் மேலேதான் கடைசி அடிவரை நடந்திருக்கிறேன். நமக்கு முன்னே வந்து சேர்ந்தவைதான் நம் பயணத்தின் எல்லையைத் தீர்மானிக்கின்றன. போய்ச் சேர்ந்தேன் என்று மார்தட்டும்போது, எதன்மேல் நின்று தட்டுகிறோம் என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது அந்த மண் முன்போல வருவதில்லை. ஒரு பகுதி அணைகளில் தங்குகிறது. ஒரு பகுதி பல ஆண்டுகளாக லாரியேறிப் போய் நம் வீட்டுச் சுவர்களாகிவிட்டது.

நீங்களும் நடக்கப் போவதானால், மழை ஓய்ந்த தை, மாசியில் போங்கள். ஏரல் தாண்டியதும் கடலை நினைத்து ஓடாதீர்கள். கொற்கையில் ஒரு பழைய வன்னி மரம் இருக்கிறது. அதன் நிழலில் அரை நாளாவது உட்காருங்கள். மீதித் தூரத்தைப் பொழுது சாய்வதற்குள் நடந்துவிடலாம்.