பிளாக்கில் பொறித்த எண்

1969 ஷெவர்லே கமாரோ ஒன்றை முழுக்கப் புதுப்பித்து விற்பனைக்கு நிறுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். துருவேறிய தரைத்தகட்டை வெட்டியெடுத்துப் புதியதைப் பற்றவைத்தாயிற்று. ஃபெண்டர், வயரிங், இருக்கை உறை எல்லாம் அண்மையில் செய்தவை. இதை '1969 கமாரோ' என்று சொல்லி விற்பது உண்மையா? பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய பிறகும் அது அதே கப்பல்தானா என்று தீசியஸின் கப்பலைப் பற்றிப் புளூட்டார்க் எழுதிவைத்த பழைய கேள்விதான் இது. கழற்றிய பலகைகளைச் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல் என்று 17ஆம் நூற்றாண்டில் தத்துவஞானி ஹாப்ஸ் அதை இன்னும் இறுக்கினார். பழைய கார்ச் சந்தையில் அது வெறும் கற்பனை அல்ல. நொறுங்கிய காரின் அடையாள எண் தகட்டைப் பிடுங்கி வேறொரு பாடியில் பொருத்தும் மோசடி உண்டு. அமெரிக்கச் சட்டத்தில் அது குற்றம்.

வடிவம்தான் கார் என்றால், இன்று புதிதாக அச்சடித்து விற்கப்படும் கமாரோ பாடியில் கட்டிய வண்டிக்கும் அசலின் விலையே கிடைக்க வேண்டும். கிடைப்பதில்லை. 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய 1968 மஸ்டாங், மங்கிய பச்சைப் பெயின்ட்டோடும் துருவோடும், 2020 ஜனவரியில் ஃப்ளோரிடா ஏலத்தில் 34 லட்சம் டாலருக்கு விலைபோனது. கட்டணம் சேர்க்காத தொகை அது. பளபளப்புக்கா அந்த விலை? அறுபடாமல் வந்த வரலாற்றுக்கு. காரின் எண்ணும் எஞ்சின் பிளாக்கில் பொறித்த எண்ணும் ஒத்துப்போகிற வண்டியை 'நம்பர்ஸ் மேட்சிங்' என்று வாங்குபவர்கள் தேடுவதும் அதனால்தான். ஆனால் பிளாக்கைச் சீவிவிட்டு வேறு எண்ணைப் பொறிக்க முடியும். ஆக, அந்த எண்ணும் ஒரு சாட்சிதான், சாட்சி பொய்க்கலாம்.

தேர் என்பது அச்சும் அல்ல, சக்கரமும் அல்ல, வெறும் பெயர் என்று மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் சொன்னாரே, பிறகு எண்ணை மாற்றுவது எந்த உண்மைக்குத் துரோகம் என்று கேட்கலாம். எனக்கு அவர் வாதம் எதிர்த்திசையில் போவதாகவே படுகிறது. காருக்குள் மாறாத சாரம் ஒன்று இருந்தால், விற்பவர் பொய் சொன்னாலும் அது அப்படியே இருக்கும். அப்படி ஒன்று இல்லை, உறுப்புகளின் சேர்க்கையும் அதை வழிவழியாக அறிந்தவர்களின் சொல்லுமே அந்தப் பெயரைத் தாங்குகின்றன என்றால், பொய் அந்தப் பொருளையே குலைத்துவிடுகிறது. வி8 எஞ்சின் அதே உறுமலோடு ஓடுகிறதே, வாங்கியவருக்கு என்ன நட்டம் என்பவர்களுக்கும் பதில் உண்டு: நட்டமில்லை என்றால் மறைக்க வேண்டிய தேவையே எழுந்திருக்காது.

இதனால் புதுப்பிப்பதே அசலை அழிப்பது என்று ஆகிவிடாது. தகட்டைத் தட்டி நிமிர்த்தியவரின் உழைப்பும் அந்தக் காரின் வரலாறுதான், வெட்கப்பட வேண்டிய அத்தியாயம் அல்ல. எது 1969இல் வந்தது, எது பின்னால் சேர்ந்தது என்ற பட்டியலும், ஓட்டை விழுந்த பழைய தரைத்தகட்டின் புகைப்படமும் சாவியோடு சேர்த்து வாங்குபவர் கையில் தரப்பட வேண்டியவை.